சிலையின் நிழலிலே: ஜோ பற்றேர்னோவின் புகழும் பொறுப்பும்

இறந்தோரைக் குறை கூறுதல் தகாது என்னும் மரபு பெரும்பாலான சமுதாயங்களிலே உண்டு. தம்மைப் பற்றிய வழக்கிலே தாமே வந்து சாட்சி கூற முடியாதவர்களை நோக்கிக் கல்லெறிவது வீரமாகாது என்ற எண்ணத்தின் அடியாகவே இம்மரபு தோன்றியிருத்தல் வேண்டும். எனினும், இறந்தவர் ஒருவரின் பெயரைப் பேணுவதற்காக உயிரோடிருப்போரின் துன்பத்தைச் சிறுமைப்படுத்த வேண்டிய நிலை தோன்றும்போது அம்மரபு தன் நியாயத்தை இழந்துவிடுகின்றது. அமெரிக்க ஐக்கிய நாடுகளின் பென்சில்வேனியா மாநிலத்திலே, பென் ஸ்டேற் பல்கலைக்கழக உதைபந்தாட்ட அணியின் தலைமைப் பயிற்றுவிப்பாளராக 1966 முதல் 2011 வரை விளங்கிய ஜோ பற்றேர்னோ பற்றி எழுந்த வாதம் இத்தகையதே. அவர் நல்லவரா, தீயவரா என்ற கேள்வியையே இரு சாராரும் திரும்பத் திரும்ப எழுப்பி வந்துள்ளனர். அவருடைய நற்பெயர் யாருக்கு என்ன செய்தது என்ற கேள்வியோ அரிதாகவே எழுப்பப்படுகின்றது. இவ்விரண்டாவது கேள்விக்கு விடை காணாமல் முதற் கேள்விக்கு விடை கூற முனைவது வீண் முயற்சியாகும்.

பற்றேர்னோவின் சாதனைகளை மறுப்பது இக்கட்டுரையின் நோக்கமன்று. 1926இலே நியூயோர்க்கின் புரூக்ளின் பகுதியில், இத்தாலிய வழிவந்த குடும்பமொன்றிலே பிறந்தவர் அவர். பிரவுண் பல்கலைக்கழகத்தில் ஆங்கில இலக்கியம் பயின்றார். 1950இலே துணைப் பயிற்றுவிப்பாளராகப் பென் ஸ்டேற்றுக்கு வந்து, பதினாறு ஆண்டுகளின் பின்னர் தலைமைப் பொறுப்பை ஏற்றார். 1982, 1986 ஆகிய ஆண்டுகளில் அவருடைய அணி தேசிய வெற்றிக் கிண்ணத்தை வென்றது. அவர் தலைமையிலே பெற்ற வெற்றிகள் மொத்தம் 409. அமெரிக்கர் உதைபந்தாட்டம் என அழைப்பது நம் மைதானங்களில் ஆடப்படும் ஆட்டமன்று. பந்தைக் கையிலேந்தி ஓடியும் எறிந்தும் ஆடப்படுவது. அந்நாட்டுப் பல்கலைக்கழகங்கள் பலவற்றிலே அது வெறும் பொழுதுபோக்காக இல்லாது பெருந்தொழிலாகவே வளர்ந்துள்ளது. பென் ஸ்டேற்றின் மைதானத்திலே ஓரிலட்சத்துக்கு மேற்பட்டோர் அமர்ந்து பார்க்கலாம் என்பதிலிருந்தே அத்தொழிலின் பரிமாணத்தை ஒருவாறு ஊகிக்கலாம்.

இத்தகைய தொழிலுக்குள்ளே நின்றுகொண்டு, வீரர்கள் முதலில் மாணவர்களாக இருத்தல் வேண்டும் என்று வற்புறுத்தியவர் பற்றேர்னோ. கல்வியையும் வெற்றியையும் ஒருங்கே அடையலாம் என்ற அவருடைய கொள்கை 'மகத்தான பரிசோதனை' எனப் பெயர் பெற்றது. இளமையிலே இலத்தீன் மொழியில் வேர்ஜிலின் காவியத்தைப் படித்தமை தம் வாழ்வை உருவாக்கியது என்று தம் சுயசரிதையிலே அவர் எழுதினார். தன் விருப்பைக் காட்டிலும் கடமையைப் பெரிதென மதிக்கும் ஈனியாஸ் என்னும் தலைவனே அவருக்கு முன்மாதிரியாக விளங்கினான். அவரும் அவர் மனைவியாரும் பல்கலைக்கழகத்துக்குப் பல மில்லியன் டொலர் நன்கொடை வழங்கினர்; நூலகத்தின் ஒரு பகுதி அவர்கள் பெயரைத் தாங்கி நிற்கின்றது. உதைபந்தாட்டப் பயிற்றுவிப்பாளர் ஒருவரின் பெயர் நூலகத்துக்குச் சூட்டப்படுவது அந்நாட்டிலே அபூர்வமான நிகழ்ச்சி. 2001இலே மைதானத்தின் அருகே அவருக்கு வெண்கலச் சிலையும் எழுப்பப்பட்டது.

அதே 2001ஆம் ஆண்டின் பெப்ரவரி மாதத்திலே நடந்ததுதான் இவ்வாதத்தின் மையம். ஜெரி சண்டஸ்கி என்பவர் பற்றேர்னோவின் கீழ் நெடுங்காலம் பணியாற்றிய துணைப் பயிற்றுவிப்பாளர். ஆதரவு குன்றிய வறிய சிறுவர்களுக்கென 1977இலே 'செக்கண்ட் மைல்' என்ற தர்ம நிறுவனத்தை நிறுவியவர். 1998இலே ஒரு சிறுவனின் தாய் அவர் மீது முறைப்பாடு செய்தார்; விசாரணை நடந்தது; வழக்குத் தொடரப்படவில்லை. 1999இலே அவர் ஓய்வு பெற்றார். ஆயினும் அணியின் கட்டடங்களுக்குள் நுழையும் உரிமை அவரிடமே விடப்பட்டது. 2001 பெப்ரவரி 9ஆம் நாள் வெள்ளிக்கிழமை இரவு, அக்கட்டடத்தின் குளியலறையிலே சண்டஸ்கி ஒரு சிறுவனுடன் இருந்த நிலையை இளம் உதவியாளரான மைக் மக்குவீரி கண்டார். மறுநாட் காலை பற்றேர்னோவின் வீட்டுக்குச் சென்று கூறினார். பற்றேர்னோ ஞாயிற்றுக்கிழமை விளையாட்டுத்துறைப் பணிப்பாளர் ரிம் கேர்லிக்கு அதனைத் தெரிவித்தார். பல்கலைக்கழகப் பொலிஸ் பிரிவுக்கும் பொறுப்பாயிருந்த துணைத்தலைவர் கரி ஷுல்ட்ஸுக்கும் செய்தி எட்டியது. பல்கலைக்கழகத் தலைவர் கிரஹம் ஸ்பானியரும் அறிந்தார். வெளியே உள்ள பொலிஸாருக்கோ, குழந்தைகள் நலத் திணைக்களத்துக்கோ எவரும் அறிவிக்கவில்லை.

இனி, பற்றேர்னோவின் சார்பில் எடுத்துரைக்கப்படும் வாதங்களை ஒவ்வொன்றாக நோக்குவோம்.

முதலாவது வாதம், அவர் சட்டப்படி செய்ய வேண்டியதைச் செய்தார் என்பது. இது உண்மையே. அக்காலப் பென்சில்வேனியச் சட்டத்தின்படி, நிறுவனமொன்றிலே பணிபுரிபவர் தம் மேலதிகாரிக்கு அறிவித்தாற் போதும். வழக்குத் தொடுநரும் அவர் மீது குற்றஞ் சாட்டவில்லை. ஆனால், சட்டம் கேட்பது ஒரு மனிதன் செய்ய வேண்டியதன் மிகக் குறைந்த அளவையே. வீரர்களுக்கு நாற்பத்தாறு ஆண்டுகளாகக் குறைந்த அளவோடு நிறைவடையாதீர் என்று போதித்த ஒருவரை, குறைந்த அளவைச் செய்துவிட்டார் என்று கூறிப் புகழ்வது விந்தையான பாராட்டு. அன்றைய மாநிலப் பொலிஸ் ஆணையாளரே சட்டக் கடமை வேறு, அறக் கடமை வேறு என்று 2011இலே வெளிப்படையாகச் சுட்டிக்காட்டினார். மேலும், மேலதிகாரிக்குச் சொல்லிவிட்டு விலகிக்கொள்ளலாம் என்ற அச்சட்டத்தின் ஓட்டையை இந்நிகழ்ச்சியின் பின்னர் 2014இலே பென்சில்வேனியா அடைத்தது. பற்றேர்னோவுக்குக் கவசமாகக் காட்டப்படும் சட்டம், குழந்தைகளைக் காக்கத் தவறிய சட்டம் என்று அதனை இயற்றியோராலேயே ஏற்றுக்கொள்ளப்பட்டுவிட்டது.

இரண்டாவது வாதம், மக்குவீரி கூறியது அவருக்குத் தெளிவாக விளங்கவில்லை என்பது. பழைய தலைமுறையைச் சேர்ந்த முதியவர், இத்தகைய இழிசெயலைக் கற்பனை செய்யவும் இயலாதவர் என்பது. இதனை மறுப்பதற்கு அவருடைய சொந்தச் சாட்சியமே போதுமானது. 2011இலே கிராண்ட் ஜூரியின் முன்னிலையில், மக்குவீரி கண்டதாகக் கூறியது பாலியல் தன்மை வாய்ந்தது என்று பற்றேர்னோ தாமே கூறினார். சனிக்கிழமையே மேலதிகாரிகளுக்கு ஏன் அறிவிக்கவில்லை என்பதற்கு அவர் அங்கு தந்த விளக்கமும் மனங்கொள்ளத்தக்கது: அவர்களுடைய வார இறுதியைக் குலைக்க அவர் விரும்பவில்லையாம்! ஒரு சிறுவனின் வாழ்வு ஒரு தட்டிலும், இரு அதிகாரிகளின் வார இறுதி ஓய்வு மறு தட்டிலும் வைக்கப்பட்டபோது தராசு எப்பக்கம் சாய்ந்தது என்பதற்கு வேறு சான்று வேண்டுவதில்லை. அச்சிறுவன் யார், அவன் பெயர் என்ன, அவன் அன்றிரவு எங்கே சென்றான் என்று பற்றேர்னோவும் கேட்கவில்லை, மேலதிகாரிகளும் தேடவில்லை.

மூன்றாவது வாதமே மிகுதியாகப் பேசப்படுவது. பற்றேர்னோ ஒரு பயிற்றுவிப்பாளர் மாத்திரமே. தமக்கு மேலுள்ளோரிடம் ஒப்படைத்துவிட்டார். அதற்குமேல் அவர் என்ன செய்ய இயலும்? இவ்வாறு கேட்போர் பென் ஸ்டேற்றிலே அதிகாரம் எவர் கையில் இருந்தது என்பதை மறந்துவிடுகின்றனர், அல்லது மறைத்துவிடுகின்றனர். 2004இலே அணி தொடர்ந்து தோல்வியுற்றபோது, பல்கலைக்கழகத் தலைவர் ஸ்பானியரும் பணிப்பாளர் கேர்லியும் பற்றேர்னோவின் வீட்டுக்கே சென்று ஓய்வு பெறுமாறு கேட்டனர். அவர் மறுத்தார். அவர்கள் திரும்பிச் சென்றனர். அவர் மேலும் ஏழு ஆண்டுகள் பதவியில் இருந்தார். உதைபந்தாட்ட வீரர்களையும் ஏனைய மாணவரைப் போலவே ஒழுக்க விதிகளுக்கு உட்படுத்த வேண்டும் என்று வாதாடிய, மாணவர் நலனுக்குப் பொறுப்பான துணைத்தலைவர் 2007இலே பதவி விலகினார். பற்றேர்னோவோ தம் இடத்திலேயே இருந்தார். தம் பதவி பற்றிய விடயத்திலே தலைவரையே வாசலோடு திருப்பி அனுப்பக்கூடிய ஒருவர், குழந்தை ஒன்றைப் பற்றிய விடயத்திலே மாத்திரம் கட்டளைக்குப் பணிந்த சிற்றூழியராக மாறிவிட்டார் என்பது நம்பத்தக்கதா? மேலதிகாரி என்ற சொல்லுக்கு அங்கு தாளில் மாத்திரமே பொருள் இருந்தது.

பின்னர் வெளிவந்த மின்னஞ்சல்களும் இதனையே உணர்த்துகின்றன. சண்டஸ்கியின் செயலைக் குழந்தைகள் நலத் திணைக்களத்துக்கு அறிவிப்பது என்ற எண்ணம் முதலில் இருந்ததையும், பற்றேர்னோவுடன் பேசிய பின்னர் தம் மனம் மாறியதாகக் கேர்லி எழுதியதையும் 2001 பெப்ரவரி மாத இறுதியிலான கடிதங்கள் காட்டுகின்றன. அவ்வுரையாடலிலே பற்றேர்னோ என்ன சொன்னார் என்பதற்குப் பதிவு இல்லை. அவர் தடுத்தார் என்று அறுதியிட்டுக் கூறுவது நியாயமாகாது. ஆனால் அறிவிப்பதா, விடுவதா என்ற முடிவுக்கு முன்னர் அவருடைய மனம் அறியப்பட வேண்டியதாயிருந்தது என்பது அக்கடிதத்தினாலே பெறப்படுகின்றது. இறுதியில் எடுக்கப்பட்ட முடிவு யாது? சிறுவர்களைப் பல்கலைக்கழகக் கட்டடங்களுக்கு அழைத்து வரக்கூடாது என்று சண்டஸ்கியிடம் சொல்லப்பட்டது; அவருடைய தர்ம நிறுவனத்துக்கும் தெரிவிக்கப்பட்டது. இம்முடிவின் உட்பொருள் நோக்கற்பாலது. குற்றம் இங்கே நடக்கக் கூடாது. வேறெங்கே நடந்தாலும் அது எம் கவலையன்று! காக்கப்பட்டது வளாகமேயன்றிக் குழந்தையன்று.

நான்காவது வாதம், பிரீ அறிக்கையின் குறைகளைச் சுட்டுவது. பல்கலைக்கழகத்தின் வேண்டுகோளின்பேரில் முன்னாட் புலனாய்வுத் துறைத் தலைவர் லூயிஸ் பிரீ 2012 ஜூலையிலே வெளியிட்ட அவ்வறிக்கை, பற்றேர்னோவும் ஏனைய மூவரும் வேண்டுமென்றே உண்மையை மறைத்தனர் என முடிவு கூறியது. பற்றேர்னோவையோ கேர்லியையோ ஷுல்ட்ஸையோ பிரீ நேரிலே விசாரிக்கவில்லை. பற்றேர்னோ குடும்பத்தினர் 2013இலே வெளியிட்ட மறுப்பறிக்கை இதனையே பெரிதும் வற்புறுத்துகின்றது. மனிதரின் உள்நோக்கத்தைப் பற்றிய பிரீயின் முடிவுகள் சான்றுகளுக்கு அப்பாற் சென்றன என்பதை ஒரு வாதத்துக்காக ஏற்றுக்கொள்வோம். 1970களிலேயே பற்றேர்னோவுக்கு முறைப்பாடு கிடைத்தது என்று 2016இலே நீதிமன்ற ஆவணமொன்றின் வழியாக வெளிவந்த குற்றச்சாட்டும் நிறுவப்படாததே. அவர் குடும்பத்தினர் அதனை மறுத்தனர். இவை யாவற்றையும் ஒதுக்கிவிட்டாலும் எஞ்சி நிற்பது போதுமானது. அவர் கேட்டார், பாலியல் தன்மையுடையது என அறிந்தார், ஒருவருக்குச் சொன்னார், பின்னர் பத்தாண்டுகள் மௌனமாயிருந்தார். இந்நான்கில் ஒன்றேனும் மறுக்கப்படவில்லை.

ஐந்தாவதாக, யானைக்கும் அடிசறுக்கும் என்று கூறி அமைதி காண்போர் உளர். அறுபது ஆண்டுச் சேவையை ஒரு நாட் பிழையால் அளக்கலாமா என்பது அவர்கள் கேள்வி. ஆனால் அது ஒரு நாட் பிழையன்று. சண்டஸ்கி அதன் பின்னரும் வளாகத்திலே காணப்பட்டார்; ஒவ்வொரு காலையும் கேள்வி கேட்பதற்குப் புதிய வாய்ப்பாகவே விடிந்தது. 2008இலே உயர்நிலைப் பள்ளி மாணவன் ஒருவனின் தாய் முறையிட்ட பின்னரே, முடிவில் வழக்காகிய விசாரணை தொடங்கியது. 2001க்குப் பின்னரும் சிறுவர் பாதிக்கப்பட்டனர் என்பது 2012 ஜூன் தீர்ப்பினால் நிலைநாட்டப்பட்டது. எண்மர் சாட்சிக் கூண்டிலே ஏறினர். 48 குற்றச்சாட்டுகளில் 45இலே சண்டஸ்கி குற்றவாளியாகக் காணப்பட்டார். 30 முதல் 60 ஆண்டுகள் வரையான சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. யானையின் அடி சறுக்கியது உண்மை. அந்த அடியின் கீழ் யார் அகப்பட்டனர் என்பதைப் பழமொழி சொல்வதில்லை.

இவ்விடத்திலே, கட்டுரையின் தொடக்கத்தில் எழுப்பப்பட்ட கேள்விக்குத் திரும்புதல் வேண்டும். பற்றேர்னோவின் நற்பெயர் யாருக்கு என்ன செய்தது? இரண்டு செயல்களை அது செய்தது. முதலாவது, அது தூண்டிலிலே இரையாயிற்று. சண்டஸ்கி நாடிய சிறுவர்கள் செல்வர் வீட்டுப் பிள்ளைகள் அல்லர். தந்தையின் துணையற்றோரும் வறியோரும் அவர்களுள் இருந்தனர். போட்டிக்கான அனுமதிச் சீட்டு, வீரர்களின் உடைமாற்றும் அறை, அணியோடு ஒரு பயணம் ஆகியவை அத்தகைய சிறுவனுக்குச் சொர்க்கத்தின் வாசலாகத் தோன்றியிருக்கும். அவ்வாசலின் ஒளி பற்றேர்னோ என்ற பெயரிலிருந்தே வந்தது.

இரண்டாவது, அது வாய்களை மூடியது. 2000ஆம் ஆண்டிலே அதே கட்டடத்திற் பணியாற்றிய துப்புரவுத் தொழிலாளி ஒருவர் சண்டஸ்கியின் செயலைக் கண்டு நடுநடுங்கித் தம் தோழர்களிடம் கூறினார். எவரும் முறையிடவில்லை, வேலை போய்விடும் என்று அஞ்சினர். அதனை முறையிடுவது நாட்டின் ஜனாதிபதிக்கு எதிராகக் கிளம்புவது போன்றது என்ற கருத்தை அவர்களுள் ஒருவர் பின்னர் வெளியிட்டதாகப் பிரீ அறிக்கை கூறுகின்றது. அறிக்கையின் ஏனைய பக்கங்களைப் பற்றி எவ்வளவு சர்ச்சை இருப்பினும், அந்தத் தொழிலாளியின் அச்சமே அதன் கனதியான பக்கமாகும். பற்றேர்னோ அத்தொழிலாளரை ஒருபோதும் மிரட்டியிருக்க மாட்டார். மிரட்ட வேண்டிய தேவையே எழவில்லை. அவருடைய புகழ் அவ்வேலையை அவருக்குத் தெரியாமலே செய்துகொண்டிருந்தது. ஒரு நிறுவனத்திலே ஒருவரின் பெயர் எவ்வளவு தூயது என்பதை அறிய, மேடையில் அவருக்கு மாலை சூட்டுவோரைக் கேட்டுப் பயனில்லை. இரவிலே தரை துடைப்பவர் உண்மை சொல்ல அஞ்சினாரா என்று கேட்டல் வேண்டும். தனிமனித வழிபாட்டின் கேடு வழிபடப்படுபவரின் குணத்தைப் பொறுத்ததன்று. நல்லவரை வழிபட்டாலும் அதன் விளைவு இதுவே.

இவ்வுண்மையை உணராத காரணத்தினாலே, பற்றேர்னோவைக் கண்டித்தோரும் பிழையான வழியிலேயே சென்றனர். 2011 நவம்பர் 9ஆம் நாள் இரவு பல்கலைக்கழகப் பொறுப்பாளர் சபை அவரைத் தொலைபேசி மூலம் பதவி நீக்கியது. 2012 ஜனவரி 22ஆம் நாள் அவர் புற்றுநோயால் இறந்தார். அவ்வாண்டு ஜூலை 22ஆம் நாள் சிலை அகற்றப்பட்டது. மறுநாள் தேசியக் கல்லூரி விளையாட்டுச் சங்கம் 60 மில்லியன் டொலர் தண்டம் விதித்ததோடு, 1998 முதல் 2011 வரையான காலத்தில் பற்றேர்னோவின் தலைமையிலே அணி பெற்ற 111 வெற்றிகளையும் பதிவேட்டிலிருந்து நீக்கியது. தண்டப் பணத்தைக் குழந்தைகளின் பாதுகாப்புக்கு ஒதுக்கியது ஓரளவு பொருளுடையது. வெற்றிகளை அழித்ததோ நகைப்புக்கிடமான செயல். நடந்த போட்டிகள் நடந்தவையே. அவற்றை ஆடிய இளைஞர் எவ்விதக் குற்றமும் செய்யாதவர்கள். ஒரு சிறுவனுக்கு இழைக்கப்பட்ட தீங்கைப் போட்டிப் புள்ளிகளாலே ஈடுசெய்ய முனைவது, எல்லாவற்றையும் உதைபந்தாட்டத்தால் அளக்கும் அந்த நோயையே மருந்தாகப் புகட்டுவது போன்றது.

இதன் விளைவு எதிர்பார்த்தவாறே அமைந்தது. 2015 ஜனவரியிலே வழக்கொன்றின் சமரசமாக அவ்வெற்றிகள் மீள வழங்கப்பட்டபோது, பற்றேர்னோ நிரபராதி எனத் தீர்ப்பளிக்கப்பட்டதாகவே அவருடைய அன்பர்கள் கொண்டாடினர். எண் 298 ஆனபோது அவர் குற்றவாளி. எண் மீண்டும் 409 ஆனபோது அவர் குற்றமற்றவர்! இதற்கிடையிலே கேர்லியும் ஷுல்ட்ஸும் குழந்தைகளின் நலனை ஆபத்துக்குள்ளாக்கிய குற்றத்தை 2017இலே ஒப்புக்கொண்டனர். ஸ்பானியரும் அவ்வாண்டிலேயே குற்றவாளியாகக் காணப்பட்டு, மேன்முறையீடுகளின் பின்னர் 2021இலே சிறை சென்றார். வெற்றி எண்ணிக்கையைப் பற்றி எழுந்த ஆரவாரத்தின் முன்னே இச்செய்திகள் மங்கிப் போயின.

மாணவர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை கூறாதுவிடின் இவ்வாராய்ச்சி நிறைவு பெறாது. பற்றேர்னோ நீக்கப்பட்ட இரவிலே ஆயிரக்கணக்கான மாணவர் வீதியில் இறங்கினர். தொலைக்காட்சி நிறுவனமொன்றின் வாகனத்தைக் கவிழ்த்தனர். அதற்கு இரு நாட்களின் பின்னர், பாதிக்கப்பட்டோருக்காக மெழுகுதிரி ஏந்தி நின்ற மாணவர்களும் அதே பல்கலைக்கழகத்தினரே; இதனையும் நேர்மையோடு பதிவு செய்தல் வேண்டும். எனினும் முதல் இரவிலே முதலில் எழுந்த குரல் யாருக்காக எழுந்தது என்பது சிந்தனைக்குரியது. குற்றப்பத்திரிகை வெளிவந்து சில நாட்களே ஆகியிருந்தன. அதிலுள்ள சிறுவர்களுக்குப் பெயர் இல்லை. எண்கள் மாத்திரமே இருந்தன. பெயருள்ளவருக்காக அழுவது எளிது. பெயரற்றவருக்காக அழுவதற்கே கல்வி வேண்டும். பல்கலைக்கழகம் என்ற ஒன்று இருப்பதற்குக் காரணமும் அதுவே.

ஆகவே, பற்றேர்னோவின் 409 வெற்றிகளும் ஏட்டிலே இருக்கட்டும். அவற்றை அழிப்பதாலே எந்தச் சிறுவனும் ஆறுதல் அடையப் போவதில்லை. நூலகத்திலே அவர் பெயரும் நிற்கட்டும். அவர் அதற்குப் பொருள் ஈந்தது உண்மை. ஆனால் சிலை மீண்டும் எழக் கூடாது. ஈகைக்கு நன்றி கூறப் பெயர்ப்பலகை போதும். சிலையோ அண்ணாந்து பார்க்குமாறு கேட்பது. அண்ணாந்து பார்த்த கண்களுக்குக் கீழே நடந்தது தெரியாமற் போனதே பென் ஸ்டேற்றின் வரலாறு. தாம் இன்னும் கூடுதலாகச் செய்திருக்க வேண்டும் என்று 2011 நவம்பரிலே பற்றேர்னோவே வருந்தினார். அவரைக் காக்க முனைவோர் அவர் ஒப்புக்கொண்ட அளவுக்கேனும் ஒப்புக்கொள்ள மறுப்பதுதான் அவருக்குச் செய்யும் பேரிழுக்கு. அவர் பெயர் தாங்கிய அந்நூலகத்திலே, வேர்ஜிலின் காவியத்தோடு சேர்த்து, அந்த எண்மரின் சாட்சியமும் துப்புரவுத் தொழிலாளியின் அச்சமும் எவரும் கேட்டவுடன் எடுத்துப் படிக்கக்கூடிய இடத்தில் வைக்கப்படுதல் வேண்டும். அங்கே கற்க வரும் இளைஞர் மூன்றையும் படிக்கட்டும்.